ராயப்பனின் லைசென்ஸ் என் இழுப்பறையில்

மார்ச் 8, திங்கள்

விடியலிலிருந்து மழை. தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு இல்லை. ஆபீஸ் முழுக்க ஈர வாடை.

புதுச் சட்டம் பற்றிச் சுற்றறிக்கை. இனி இன்சூரன்ஸ் தாள் இல்லாமல் எந்த மோட்டாரும் ரோட்டில் ஓடக் கூடாது. அடிபட்ட வழிப்போக்கனுக்கு நஷ்ட ஈடு கிடைப்பதற்காம். நல்ல சட்டம்தான். தோட்டத்து மேனேஜர் துரையின் காருக்கு விண்ணப்பம் டைப் அடித்தேன். 'யார் ஓட்டுவார்?' என்று ஒரு கேள்வி.

"ராயப்பன்," என்றார் துரை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. மூன்றாம் தடவையில் வாங்கியது. இருந்தாலும் லைசென்ஸ்தானே. ராயப்பனுக்கு முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது, இன்ஸ்பெக்டர் கை வேறு குலுக்கினாராம். அவன் பெயருக்குக் கீழே ஒரு வரி காலி. என் பெயரையும் அடித்து வைத்தேன். துரை படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

வாங்க: மண்ணெண்ணெய், பேனா நிப்பு, கமலத்துக்குத் தலைவலித் தைலம்.

மார்ச் 9, செவ்வாய்

தூறல். ராயப்பன் வந்தான். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. வருஷா வருஷம் அவன் லைசென்ஸைப் புதுப்பிப்பது ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியான என் வேலை.

"வியாழக்கிழமையோட முடியுதுங்க கிராணியாரே. உங்க கையில குடுத்துட்டா எனக்குக் கவலையே இல்ல."

இழுப்பறையில் போட்டேன். போட்டோவில்கூட லட்சணமாக இருக்கிறான். என் லைசென்ஸில் நான் திருடன் மாதிரி.

சாயங்காலம் என் மனைவி கமலம்: "ராயப்பண்ணன் வளைவுல திரும்புனா மடியில வச்ச டீகூட சிந்தாதாம். துரைசானியே சொன்னாங்களாம்."

துரைசானி டீயை மடியில் வைத்துக்கொண்டு எங்கே போகிறாள்? கேட்கவில்லை.

மார்ச் 10, புதன்

வெயில். லைசென்ஸ் ஆபீஸ் இருக்கும் ஜொகூர் பாருவுக்குப் பஸ் இருந்தது. அவசர வேலையும் இல்லை. போகவில்லை.

கமலம் இன்று அவனுக்கு முறுக்கு கொடுத்தனுப்பினாளாம். எனக்கு உடைந்தவை.

மார்ச் 11, வியாழன்

இன்சூரன்ஸ் தாள் சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஓட்டுபவர்கள்: ராயப்பன், நான். என் பெயரை நாலு தடவை படித்தேன். அடியில் பொடி எழுத்தில்: லைசென்ஸ் காலாவதியானவர் ஓட்டினால் கம்பெனி பொறுப்பல்ல.

இன்றும் ஜொகூர் பாரு போகவில்லை. கூலியாட்களின் செக்ரோல் எழுதும் வேலை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாளைக்கு.

மார்ச் 12, வெள்ளி

முதல் பஸ்ஸில் போனேன். லைசென்ஸ் ஆபீஸ் பூட்டியிருந்தது. மலாய்க் காவலாளி சிரித்தார்.

"ஹாரி ஜுமாஆத் லா, என்சே. துத்துப்."

வெள்ளிக்கிழமை ஜொகூர் சர்க்காருக்கு விடுமுறை. தோட்டத்தில் எங்களுக்கு ஞாயிறு. தோட்டத்துக் கணக்கிலேயே இருந்து மறந்துவிட்டேன். ஒன்பது வருஷமாக இங்கே இருப்பவன் மறந்தேனா? பாதி மறந்தேன். மீதியை இங்கே எழுதக்கூடக் கை வரவில்லை.

நாளைக்கு அவன் துரைசானியைச் சிங்கப்பூர் கொண்டுபோக வேண்டும். எவன் மேலாவது மோதினால் இன்சூரன்ஸ் கிடையாது. ஜெயில் அவனுக்கு.

மார்ச் 13, சனி

காலையில் பங்களாவுக்கு ஓடினேன். "ராயப்பன் லைசென்ஸ் வியாழனோடு முடிந்துவிட்டது, துரை." அவ்வளவுதான் சொன்னேன். அது யாரிடம் இருந்தது என்பதைச் சொல்லவில்லை.

துரைக்கு முகம் சிவந்தது. "ராயப்பன், உனக்கு புத்தி இல்லே? இனிமே நீ லாரி கழுவு. கிராணி, நீ ஓட்டு."

ராயப்பன் என்னை ஒரு தடவை பார்த்தான். சாவியை என் கையில் கொடுத்தான்.

ஓட்டினேன். இத்தனை நாள் ஆசைப்பட்டது இதற்குத்தான். கியர் போடும்போதெல்லாம் கறகறவென்று சத்தம். சிங்கப்பூர் போகும் பாலத்தின் நடுவில் இரண்டு தடவை வண்டி நின்றது. பின்னால் வந்த சீனன் ஏதோ திட்டினான். துரைசானி கதவைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

கமலம் பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். "பாவம் ராயப்பண்ணன்," என்றாள்.

மார்ச் 14, ஞாயிறு

ஜொகூர் பாரு. ஆபீஸ் திறந்திருந்தது. புதுப்பித்தேன். கால் மணி நேர வேலை, இவ்வளவுதான்.

லாரிக் கொட்டகையில் ராயப்பன் சக்கரத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். லைசென்ஸைக் கொடுத்தேன்.

"லைசென்ஸ் என்கிட்டதான் இருந்துச்சுன்னு துரைகிட்ட ஏன்டா சொல்லல?"

"எதுக்குங்க? மறந்திருப்பீங்க. சொன்னா உங்களுக்கு வேலையும் போயிரும், வீடும் போயிரும்லா. பொண்ணுங்க இருக்கு. நான் ஒண்டிக்கட்டை."

அவன் கார் ஓட்டுவதற்குப் பொறாமைப்பட்டது போதாதா? இனி இதற்கும் படவேண்டும். பாவிப் பயல்.

மார்ச் 15, திங்கள்

மறுபடி மழை. தைலம் வாங்க மறந்தேன், திட்டு.

துரையிடம் சொல்லிவிட்டேன். மறக்கவில்லை, வேண்டுமென்றே வைத்திருந்தேன் என்பதையும். ஏன் என்று கேட்டார். பொறாமை என்றேன். அந்தத் தமிழ் வார்த்தை அவருக்குத் தெரியவில்லை. விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் பெரிய தண்டனை.

வேலை தப்பியது. ராயப்பனுக்குக் கார் திரும்பக் கிடைத்தது. கிராணி பெயரை நீக்கச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம், நானே அடிக்க வேண்டும். அடித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

பதினொரு மணிக்குக் கார் ஆபீசைத் தாண்டிப் போனது. ராயப்பனுக்கு எல்லாம் தெரியும், துரை சொல்லிவிட்டார். வண்டியை மெதுவாக்கி, என்னைப் பார்த்துச் சிரித்து, வணக்கம் வைத்தான்.

முறைத்துவிட்டுப் போயிருக்கலாம்.