தரைத்தள வீடு

திங்கள், இரவு

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, மகள் ரேஷ்மாவைச் சக்கர நாற்காலியோடு கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். ஓசூர் அரசுக் குடியிருப்பில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தரைத்தள வீடு கேட்டு இது ஐந்தாவது மனு.

அதிகாரி வழக்கம்போல், "பரிசீலிக்கிறோம்," என்றார். நாற்காலியைத் திருப்பப் போனேன். ரேஷ்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், ஒரே ஒரு நாள் என்னைத் தூக்கிட்டு மாடி ஏறிப் பாருங்க. அப்பறமா பரிசீலிங்க."

அவர் சிரித்துவிட்டார். எங்கள் குடியிருப்பிலேயே பூட்டிக் கிடந்த ஒரு தரைத்தள வீட்டை எங்களுக்கு மாற்றித் தர அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஓசூர் வரும்வரை பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதுதான் நினைவு வந்தது. அவள் பள்ளிக்குச் சிறப்பு ஆசிரியர் இன்னும் வரவில்லை. அதைக் கேட்க மறந்துவிட்டோம்.

முதுகிலிருந்தபடியே சொன்னாள்: "அடுத்த திங்கக்கெழம போலாம்ப்பா. நீ பேசாத, நானே பேசிக்கறேன்."