பேர் தைத்த சுவெட்டர்

திருவண்ணாமலை
18-2-1979

அன்புள்ள மாமாவுக்கு,

வேதா எழுதிக்கொண்டது. நானும் சரசுவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பதாக உங்கள் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

நம் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் ஊரே சிரிக்கிறது. செங்கம் ரோட்டில் வெள்ளைக்கார அம்மா வீட்டு வேலைக்குப் போய்வருகிறேன். இதெல்லாம் எழுதுவது, விஷயத்துக்கு வரப் பயந்துகொண்டுதான்.

முந்தாநாள் உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் அங்கே வேலை பார்க்கும் வேலூர்க்கார நர்ஸ். நீங்கள் சாலை போடுகிற மலையில் பனி சரிந்து, ஒருவரைத் தூக்கி வந்திருக்கிறார்களாம். முகமெல்லாம் கட்டு, நினைவே இல்லையாம். வழி அடைபட்டிருப்பதால் அடையாளம் சொல்ல முகாமிலிருந்து யாரும் வரவில்லையாம். சுவெட்டர் கழுத்துக்குள் ஆதிமூலம் என்று உங்கள் பேரும் நம் விலாசமும் இருந்ததைப் பார்த்து எனக்கு எழுதியிருக்கிறாள். பார்சல் தைத்த துணியில் மிச்சமிருந்ததை, துவைக்கிற இடத்தில் மாறிவிடக் கூடாதென்று நான்தான் எழுதி உள்ளே தைத்தேன்.

படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உங்கள் பொங்கல் கடிதம் ஞாபகம் வந்தது. சுவெட்டர் தோளில் ஏறவில்லை, கூட வேலை பார்க்கிற கருப்பன் ஒல்லி, அவனுக்குச் சரியாக இருந்தது, கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்களே. அன்றைக்கு எனக்கு வந்த கோபம்! இரண்டு மாத வேலை. ஒவ்வொரு கண்ணியையும் பக்கத்துக் கண்ணிமேல் குறுக்கே தாண்டவிட்டுப் பின்னியது. கால்மிதியடி மாதிரி கெட்டி, காற்று நுழையாது. அந்தப் பின்னல் அகலத்தில் சுருங்கும், கால்வாசிக் கண்ணி ஜாஸ்தி போடு என்று பின்னல் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மா படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் உங்கள் பழைய சட்டையை அளந்து, சாதாரணப் பின்னலுக்குப் போடுகிற மாதிரியே போட்டுவிட்டேன். எல்லாம் தெரிந்தவள் இல்லையா நான்!

அந்தத் தப்பை நினைத்து முந்தாநாள் சந்தோஷப்பட்டேன், மாமா. படுத்திருப்பது கருப்பன், நீங்கள் இல்லை என்று. அரை நிமிஷம்தான். அதற்குள் வேங்கிக்காலில் இருக்கும் அவன் பெண்சாதி ஜோதியம்மாளின் முகம் கண்ணில் வந்து நின்றது. போன ஆவணியில்தானே கல்யாணம். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

கடிதத்தை மறுபடி படித்தேன். சுவெட்டர் ரொம்ப இறுக்கம், கத்தரித்துத்தான் எடுத்தோம் என்று கடைசியில் எழுதியிருக்கிறாள். இறுக்கம் என்றால் அது யார்? குளிர் தாங்காமல் திரும்ப வாங்கி எப்படியோ மாட்டிக்கொண்டீர்களா? நனைந்து சுருங்கியதா? உடம்பு வீங்கிவிட்டதா? முகாமுக்கு இரண்டு தந்தி அடித்தேன், பதில் இல்லை. சோறு இறங்கவில்லை. தபால்காரர் காசியின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

ஜோதியிடம் நேற்று முழுக்க மறைத்தேன். இன்று காலை போய்ச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "யாரா இருந்தா இன்னாக்கா, நெனப்பில்லாம தனியா கெடக்குறாங்களே, ரெண்டு பேரும் போயிடலாம்" என்றாள். கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்குக் குருக்கள் பேர் கேட்டபோது அவள் முதலில் உங்கள் பேரைத்தான் சொன்னாள், அப்புறம்தான் அவள் புருஷன் பேரை.

வெள்ளிக்கிழமை பட்டணம் போய் ரயிலேறுகிறோம். சரசுவை அம்மாவிடம் விட்டு வருகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஒரு தந்தி கொடுங்கள். நீங்கள் நல்லபடியாக இருப்பதாகத் தெரிந்தாலும் ஜோதியை அங்கே தனியாக விட்டுத் திரும்ப மாட்டேன். கோபிக்காதீர்கள்.

இரண்டாவது சுவெட்டர் தோள்வரை வந்துவிட்டது. இந்த முறை அந்த அம்மா சொன்னபடி கால்வாசிக் கண்ணி கூட்டித்தான் போட்டிருக்கிறேன். ரயிலில் முடித்துவிடுவேன். அண்ணாமலையார் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்ற வேண்டும். இதன் கழுத்துக்குள் பேர் தைக்க எனக்குத் தைரியமில்லை. நீங்களே எதிரில் வந்து, இது என்னுடையது என்று உங்கள் வாயால் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், மாமா.

உங்கள்
வேதா