ஒரு டப்பா மழை

அன்பு நண்பனுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். இங்கே நடுவட்டத்தில் மழை இன்னும் விட்டபாடில்லை.

தேயிலைக் கொப்புள நோய் பற்றி என் பெயரில் வந்த கட்டுரையை அந்த ஆய்விதழ் திரும்பப் பெற்றுவிட்டது. உனக்கும் தகவல் வந்திருக்கும்.

அந்த இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். ஜூலை பதினேழாம் தேதி தேவாலாவில் காட்டெருமை மழைமானியைச் சாய்த்துவிட, நீ வாசலில் கிடந்த பெயின்ட் டப்பாவில் தேங்கியதை அளந்தாய். உன் ஆய்வேட்டில் அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தாய். என் கட்டுரையில் நடுவட்டத்திலும் அன்று அதே அளவு பெய்தது எப்படி என்று கேட்டார்.

கட்டுரையை அழித்துவிடுவார்கள் என்றிருந்தேன். அழிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே சிவப்பில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று போட்டு, காரணத்தையும் எழுதி, யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அதில் உன் பெயர் இனிஷியலோடு சரியாக இருக்கிறது.

உன்னை நான்கு மாதம் தேடினார்களாம். தேயிலை விலை விழுந்து மூடிய உங்கள் தேவாலா எஸ்டேட்டுக்குப் போட்ட கடிதம் திரும்பிவிட்டது. பிறகு பல்கலைக்கழகத்துக்கு எழுதி, உன் பழைய வகுப்புக்காரர்களை விசாரித்து, திருப்பூர் வரை வந்துவிட்டார்கள். ஒரு டப்பா மழை யாருடையது என்பதற்காகக் கடலுக்கு அப்பால் ஒருவர் இவ்வளவு மெனக்கெடுவாரா என்று இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை.

என்னிடமும் உன் விலாசம் கேட்டார்கள். தெரியாது என்றேன்.

நீ திருப்பூருக்கு பஸ் ஏறும்போது ஆய்வேட்டுப் பிரதியைக் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கடா, ரெண்டு பேரும் சேந்து கட்டுரை எழுதலாம்" என்றாய். அன்று என் டைரியில் நீயே எழுதிக்கொடுத்த விலாசத்தைத்தான் இந்த உறையின்மேல் எழுதியிருக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழன்