முப்பத்தேழாம் கண்ணாடி

ஐப்பசி 18, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. தெருமுனையில் முழங்கால் தண்ணீர். பால் ஏழரைக்கு. துணி காயவில்லை.
மாமனார் விழுந்து இடுப்பு முறிந்து ஒன்பது மாதம். நான் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயும் அவ்வளவு நாள். வீட்டு நரசிம்மர் படம்தான் கதி.
வெள்ளிக்கிழமை ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் பழைய படங்களைப் பார்க்க வருகிறாள். மாமாவின் அப்பா அந்தக்காலப் பத்திரிகை நிருபர். சேதியும் எழுதி, காமிராவும் தூக்கிப் பட்டணம் பூராவும் நடந்தவர். அவர் எடுத்த படங்கள், கண்ணாடித் தகடுகளாக, பரணில் மூன்று பெட்டி.

ஐப்பசி 19, புதன்
விட்டுவிட்டு மழை. ரசம், அவரைக்காய்.
நிருபர் தாத்தாவின் நோட்டை மாமாவுக்கு வாசித்தேன். 35, துறைமுகம், புயலுக்கு மறுநாள். 36, மீன்காரிகள், சிரிக்க மறுப்பு. 37, மனைவி, கிணற்றடி, அசைந்துவிட்டாள்.
மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பெற்றதும் போன அம்மா. முகமே தெரியாது.
"ஊரையே எடுத்தாரு. அம்மாவ ஒண்ணே ஒண்ணு. அத மொதல்ல காட்டச் சொல்லும்மா."
சரி என்றேன்.

ஐப்பசி 20, வியாழன்
இவர் பெட்டிகளை இறக்கினார். 31 முதல் 42 வரை இல்லை.
கல்யாணமான புதிதில் மாமியார் "அழுக்குக் கண்ணாடி" என்று கொடுத்தது அவைதான். வெந்நீரில் ஊறப்போட்டேன். கறுப்புத் தோல் உரிந்து வந்தது. அதுதான் படம் என்று அப்போது தெரியாது. சீயக்காய் போட்டுப் பளிச்சென்று தேய்த்தேன். பன்னிரண்டு காலண்டர் சாமிகளுக்குச் சட்டம் போட்டோம். அந்த வருஷக் கணக்கு நோட்டில் என் எழுத்து: கண்ணாடிச் செலவு இல்லை. அடிக்கோடு வேறு.
தகடுகளின் காகித உறைகளையும் வீணாக்கவில்லை. அந்தந்தப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன், எண்ணோடு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 37, நரசிம்மர்.
இவரிடம் சொன்னேன். அதற்கு இவர், "ஒடஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாம். அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"
என்ன செய்வதென்று வேண்டிக்கொள்ளப் போனால் அதே கண்ணாடி.

ஐப்பசி 21, வெள்ளி
மழை நிற்கவில்லை. பெண் வந்தாள், காலெல்லாம் சேறு. ஒவ்வொரு தகடாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். 30. அடுத்தது 43. நிமிர்ந்தாள். இவர், "அது ஒடஞ்சு..." என்று ஆரம்பித்தார். நான் நரசிம்மரைக் கழற்றி மாமா மடியில் வைத்தேன்.
"முப்பத்தேழு இதுதான் மாமா. நான்தான் கழுவிட்டேன்."
மாமா சட்டத்திலிருந்து சாமி படத்தை உருவினார். வெறும் கண்ணாடியை ஜன்னல் பக்கம் பிடித்தார், அவள் பிடித்த மாதிரியே. எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார்.
மதியம் சாப்பிடவில்லை.
படத்தைக் கண்ணாடிக்குள் வைத்துத் திரும்ப மாட்டினேன். சாயங்காலம் அதன் முன்னால் போய் நிற்க முடியவில்லை. அடுப்படியிலேயே இருந்தேன்.
உள்ளிருந்து மாமா: "மணி ஆறு தாண்டிடுச்சேம்மா. இன்னும் வெளக்கேத்தலையா?"