பட்டைத் தண்ணீர் நிறத்தில் ஓர் ஆறு

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் நீங்கள் "ம்" மட்டும் சொல்வதால் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் கால் வெடிப்பு ஆறியதா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

ஞாயிறன்று, கூட வேலை செய்யும் குடியாத்தம் ஆதிகேசவனோடு ஒரு முகத்துவாரத்துக்குப் போனேன். ஆறு பெரிய ஏரியில் கலக்கும் இடம். பறவைகளுக்காக அமெரிக்க அரசு அதைப் பாதுகாக்கிறது. தண்ணீர் கரும்பழுப்பாக இருந்தது. கை நனைக்கப் போனவனைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாம்டா, மேல எவனோ டேனரி தண்ணிய தொறந்து வுட்டுட்டான்."

"இங்க இன்னாடா டேனரி கீது?" என்றவன், அதை அங்கிருந்த வழிகாட்டிப் பெண்ணிடமும் சொல்லிவிட்டான். அவள் சிரித்தாள். காட்டு மரப்பட்டையும் சருகும் ஊறி வந்த நிறமாம், கெடுதல் இல்லையாம். டேனரியில் நீங்கள் தோல் ஊறப்போடும் பட்டைத் தண்ணீரின் நிறமேதான். அதிலிருந்து ஒரு நீர்நாய் வாயில் மீனோடு எழுந்து, எங்களைப் பார்த்துவிட்டு முழுகியது.

நான் கொஞ்சம் அள்ளி முகர்ந்தேன். வாசனையே இல்லை.

ஊறுகாய் அனுப்பும்போது பாட்டில் உடையாமலிருக்க உங்கள் வேலைச் சட்டை ஒன்றைச் சுற்றி அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது. சட்டையை அம்மா துவைக்க வேண்டாம்.

கார்முகிலன்