நாலாவது காயம்

2 மே, சனி

மத்தியானம் வரை வெயில். மூன்று மணிக்கு மானம் இருட்டிக்கொண்டு வந்தது. ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்து, குளித்து, புருஷன் அந்தோணியின் பழைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு மரக் கடைசல் கிளப்புக்கு.

(இந்தக் கொப்பி மகள் விட்டுவிட்டுப் போனது. முன்பக்கம் முழுக்க விஞ்ஞானம். நான் பின்னால் இருந்து எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு விஞ்ஞானம் முதுகில் இருந்தால் போதும்.)

கிளப் என்றால் ரப்பர் ஷீட் உருட்டின பழைய ரோலர் கொட்டில். லேத் இரண்டு. ஒன்று நத்தார்ப் பண்டிகையில் இருந்து ஓடவில்லை. ஆள் ஏழு. ஆறு ஆம்பிளை, நான்.

இன்று செய்து காட்டியது ரம்புக்கனையில் தளபாடப் பட்டறை வைத்திருக்கும் பந்துல மஹத்தயா. பச்சை ரப்பர் மரத்தில் ஒரு கிண்ணம். முதலில் தடிப்பாகக் கடைந்து, சுருளோடு சாக்கில் கட்டி ஒரு மாதம் காயவிட்டு, பிறகு மெல்லிசாக்க வேண்டுமாம். உளி பட்டதும் சுருள் இடியப்பம் மாதிரி விழுந்தது. பார்க்கப் பசித்தது.

பிறகு செயலாளர் நன்றியுரை. கிண்ணம் கடைந்ததைவிட நீளம். செயலாளர் யார்? நம்ம தோட்டத்தில் வேலை வாங்கிய பழைய கண்டக்டர் தருமலிங்கம் ஐயாதான். இனி க.ஐ. முழுப் பேர் எழுத மை வீண். பென்ஷன் எடுத்து ஆறு வருஷம். இன்னும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கிற நினைப்பு.

"அடுத்த மாசம் ஒரு நட்புப் போட்டி. ஆளுக்கு ஒரு கிண்ணம். ஜெயிக்கிற ஆளுகிட்ட பட்டறைச் சாவி, ஒரு வருசத்துக்கு."

நட்பு என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார். கருவாட்டைப் பார்க்கிற பூனைக்கு அதைவிட நட்பு இருக்கும்.

சாவி ஒன்றே ஒன்று. இப்போது அவர் இடுப்பில். சனிக்கிழமை மாலை ஆளுக்கு இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் உளி தீட்டலாம், வேறென்ன. எனக்குப் பால் வெட்டு பன்னிரண்டு மணியோடு சரி. சாவி கையில் இருந்தால் தினமும் பின்னேரம் லேத் எனக்கே.

சாவி வேண்டும்.

3 மே, ஞாயிறு

கோவில். பாதர் பொறுமை பற்றிப் பிரசங்கம். எனக்குத்தான் என்று தெரிந்தது.

பிறகு மரம் பிரிக்கப் போனோம். நாலாம் நம்பர் மலையில் கிழட்டு மரங்களைத் துண்டு துண்டாக வெட்டிப் புதுக் கன்று வைக்கிறார்கள். தோட்டத் தொரை கிளப்புக்கு மாதம் ஒரு மரம் தருகிறார். நாலாம் நம்பர் இருபத்திரண்டு வருஷம் நான் பால் வெட்டிய மலை. இந்த மாதத்து மரம் மதகுக்குப் பக்கத்தில் நின்றது. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

கத்தி பிடித்த முதல் மாதம். இந்த மரத்தில் மூன்று வெட்டில் மூன்று தடவை ஆழமாக இறக்கிவிட்டேன். பட்டையோடு நிற்க வேண்டிய கத்தி மரத்தைத் தொட்டால் காயம். காயத்தில் முடிச்சு விழும், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. க.ஐ. என்னைப் பெரட்டில் முன்னால் நிறுத்தி, "பாத்துக்கங்க, இவதான் மரத்தக் கொல்றவ" என்றார். அதோடு விட்டாரா? அத்தனை பேரையும் மரத்தடிக்குக் கூட்டிப்போய், "இப்புடி இழுக்கணும்" என்று என் கத்தியை வாங்கி இழுத்தார். கோபத்தில் அழுத்திவிட்டார். கத்தி எலும்பு வரை. என் மூன்றையும்விட ஆழம். அவர் எழுதும் தோட்டப் புத்தகத்தில் நாலு காயமும் என் பேரில்.

இன்று சீட்டுக் குலுக்கியதில் அந்த அடித்துண்டு எனக்கே வந்தது. பாதி வழவழப்பு, பாதி காயம். காயத்தைப் பார்க்கவே கூசியது. அறுத்து விறகில் எறிந்துவிட்டு வழவழப்பை வைத்துக்கொண்டேன்.

க.ஐ.க்கு விழுந்தது வெடித்த நுனித்துண்டு. சுற்றிச் சுற்றி வந்தார்.

"மேரி, அந்த வெறகுத் துண்ட எடுத்துக்கவா? வீட்ல சுடுதண்ணிக்கு."

"தாராளமா எடுத்துக்கங்கையா. பேசிப் பேசித் தொண்டை காஞ்சிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானே தூக்கிக்கொண்டுபோய் அவர் திரீவீல் ஆட்டோவில் வைத்தேன்.

16 மே, சனி

விடிய விடிய மழை. பால் வெட்டு இல்லை. துணி காயவில்லை. உளுந்து முடிந்துவிட்டது.

பட்டறைச் சுவரில் புது நோட்டீஸ், க.ஐ. கையெழுத்து. லேத் பக்கத்தில் தளர்ந்த உடை, நீள முடி, வளையல், தேவையில்லாத பேச்சு கூடாது.

"நாலும் எனக்குத்தான் எழுதியிருக்கீங்க போல. மத்த ஆறு பேருக்கு ஒண்ணுமில்லையா ஐயா?"

"பொதுவா எழுதுனது."

"அப்ப ஒங்க சாரத்தையும் தூக்கிக் கட்டுங்க. அதும் தளர்ந்த உடைதான்."

டிராக்டர் ஓட்டும் முத்தையா அண்ணன் இருமுகிற மாதிரிச் சிரித்தார். க.ஐ. சிரிக்கவில்லை. எனக்குப் பதினாலு நிமிடம்தான் கொடுத்தார். மணிக்கூட்டில் பார்த்தேன்.

அவருடைய கிண்ணம் மட்டும் மூலையில் துவாயால் மூடியிருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி. தொட்டால் கத்துகிறார்.

என்னுடையது நன்றாகத்தான் காய்கிறது. பூஞ்சணம் நீலமாகப் பூக்கவில்லை. தொட்டால் வெண்ணெய்.

6 ஜூன், சனி

மழை இல்லை. நாசமாய்ப்போன நாள்.

ஏழு கிண்ணமும் மேசையில். பந்துல மஹத்தயா ஒவ்வொன்றாய்த் தூக்கித் தட்டிப் பார்த்தார். என்னுடையதைத் தடவி, வேலை சுத்தம் என்றார். நெஞ்சு நிறைந்தது. அப்போது க.ஐ. துவாயை எடுத்தார்.

வெளிர் மரத்தில் மூன்று கறுப்புக் கோடு, நூல் நூலாய். பக்கத்தில் ஒரு பெரிய கண். சுற்றிச் சுற்றிப் பழுப்பு வளையம், நடுவில் தேன் மாதிரி.

மஹத்தயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஹரி லஸ்ஸனய்!" இப்படி அழகு அவர் பட்டறையில்கூட இல்லையாம். அந்தக் கண்ணிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

கோடு மூன்று. கண் ஒன்று. நான் தூக்கிக் கொடுத்த விறகு!

சாவி க.ஐ.க்கே. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டுக் கேட்டேன், மஹத்தயாவுக்கும் விளங்கட்டும் என்று பாதி சிங்களத்தில்:

"ஐயா, இது மதகு மரம்தானே? இந்த மூணு கோடும் என் கத்தி. பெரட்டுல நிக்க வச்சீங்களே, அது. இந்தப் பெரிய கண்ணு மட்டும் நீங்க போட்டது. இப்புடி இழுக்கணும்னு காட்டுனீங்களே. ஒத்துக்கங்க, அழகெல்லாம் ஒங்களோடது."

முத்தையா அண்ணன் அன்று மரத்தடியில் நின்றவர். அவர் கூரையைப் பார்த்தார்.

க.ஐ.க்குக் கழுத்து வரை சிவந்தது. "என் கையால ஒரு மரத்துக்கும் காயம் பட்டதில்ல!"

"அப்ப யாரு போட்டது?"

"நீதான்! நாலும் நீதான்! புத்தகத்துல இருக்கு!"

"கேட்டுக்கங்க. மஹத்தயா பாராட்டுன கண்ணு என்னோடதாம். ஐயாவே சொல்லிட்டாரு."

கொட்டில் தகரம் அதிரச் சிரிப்பு. மஹத்தயாவும் சிரித்தார். ஆனால் கடைந்தது அவர்தானே என்றார். சாவி மாறவில்லை. க.ஐ. அதை இடுப்பில் செருகும்போது வேண்டுமென்றே கிலுக்கினார்.

7 ஜூன், ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

அந்தோணி: "வெறகுக்குத் தூக்கிக் குடுத்தவ நீ. அவர ஏன் திட்டுற?"

அவருக்குச் சோற்றில் உப்புப் போடவில்லை.

நானே அறுத்து எறிந்தேன், அதுதான் எரிகிறது. இருபத்திரண்டு வருஷமாகக் காயம் என்றால் வெட்கம் என்று மண்டையில் ஏற்றிவிட்டு, அந்த மனுஷன் அதையே எடுத்துக் கடைந்து கை தட்டு வாங்குகிறார். என் கிண்ணம் வழவழப்பு. அழகான பிணம். அதில் பச்சை மிளகாய் போட்டு வைத்திருக்கிறேன்.

11 ஜூன், வியாழன்

தூறல். பால் குறைவு. காலில் அட்டை இரண்டு.

பின்னேரம் எங்கள் லயத்து வீட்டு வாசலில் க.ஐ. குடையோடு. பென்ஷன் எடுத்த பிறகு இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பக்கத்து வீட்டு ராணி கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு காது கொடுத்தாள்.

"கேகாலையில பெரிய போட்டி இருக்கு. மஹத்தயா என் பேரக் குடுத்திருக்காரு. அதே மாதிரிக் கண்ணு வேணுமாம்."

"நல்லதுங்கையா."

"இந்த மாசத்து மரம் நாளைக்கு விழும். எத விழுத்தணும்னு தொரை என்னையத்தான் கேட்டாரு. வருசக்கணக்குல மேல பட்டை மூடிக் கெடக்கு. உள்ள எதுல காயம்னு..." நிறுத்தினார். "ஒனக்குத்தானே தெரியும்."

"எனக்கு எப்புடித் தெரியும்? ஒங்க புத்தகத்துல இருக்குமே."

"புத்தகத்தக் கறையான் தின்னுருச்சு."

"ஐயோ பாவம். கறையானுக்கு வயித்துவலி வந்திருக்கும்."

போகவில்லை. குடையில் இருந்து தண்ணீர் வாசலெல்லாம் சொட்டியது. தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று நான் கேட்கவில்லை.

"சாவியக் குடுங்கையா, மரத்தக் காட்டுறேன். ஒரு வருசத்துக்கு. ராணி சாட்சி."

"அது கிளப்புச் சாவி."

"அப்ப மரமும் கிளப்பு மரந்தானே."

இடுப்பில் இருந்து சாவியை உருவினார்.

12 ஜூன், வெள்ளி

மழை விட்டது. வேலைக்குப் போகிற வழியில் க.ஐ.யை நாலாம் நம்பருக்குக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டினேன். பாறைக்கு மேலே, பெரியது, நிமிர்ந்தது. சுண்ணாம்பால் அவரே அடையாளம் போட்டார். பத்து மணிக்கு விழுத்திவிட்டார்கள். எனக்குச் சத்தம் கேட்டது.

பின்னேரம் மூன்று மணி நேரம் லேத். யாருமில்லை. முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, வளையலோடு கடைந்தேன். மடியில் எல்லாம் சுருள்.

திரும்பி வந்து சாவியை அடுப்படி ஆணியில் மாட்டினேன். தேங்காய் வாங்க வேண்டும்.

அந்தப் பாறை மரத்தில் இருபத்திரண்டு வருஷத்தில் என் கத்தி ஒரு தடவைகூட ஆழமாக இறங்கினதில்லை.