நாலணா என்னுது

1935 பிப்ரவரி 6, புதன்

மாதர் எழுத்தாளர் சங்கத்துக்குக் காரியதரிசியாக இருப்பதைவிட நாலு எருமையைக் கட்டி மேய்க்கலாம். மருந்துக் கடைக்கு மேலே நாங்கள் கூடுகிற அறைக்கு வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். தலைவி கனகவல்லி மாமி, லஸ்ஸில் மோட்டார் வைத்திருக்கிற வக்கீலாத்து மாமி, ஒரே வரியில் தீர்த்துவிட்டாள். "மாசச் சந்தா நாலணாவை எட்டணா ஆக்கிடலாம். எட்டணா என்ன பெரிய விஷயம்?" சாந்தோம் பள்ளிக்கூடத்து டீச்சர் மரியசெல்வம் மட்டும் சரி என்று தலையாட்டினாள். அவளுக்கென்ன, சம்பளக்காரி. என் சிநேகிதி தேவானை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நானும்தான் கையைத் தூக்கினேன். வாடகை கொடுக்காமல் நடுத்தெருவிலா உட்கார்ந்து கதை படிப்பது?

அப்புறம் என் கதையை வாசித்தேன். அடுப்படியில் நிற்கிறவள் புருஷனிடம், "நான் சற்று வெளியே சென்று வருகிறேன்" என்கிற இடம் வந்ததும் தேவானை களுக்கென்று சிரித்துவிட்டாள். "காமு, உன் கதையிலே அடுப்படிப் பொம்மனாட்டிகூடக் கோட்டை ஆபீஸ் பாஷை பேசறாளே."

சுருக்கென்றது. நான் எழுதினது "செத்தப் போய்ட்டு வரேன்" என்றுதான். அதைச் 'சற்று' என்று திருத்தினது ஆத்துக்காரர். கோட்டையில் குமாஸ்தா. அவருடைய சிவப்புப் பென்சில் படாமல் என் கதை ஒன்றுகூடப் பத்திரிகைக்குப் போனதில்லை. "'செத்த'ன்னு எழுதாதே, படிக்கிறவா யாரோ செத்துப்போய்ட்டான்னு நெனச்சுப்பா" என்றார். சரி என்று விட்டேன். நல்லதுக்குத்தானே சொல்கிறார்.

பிப்ரவரி 7

சந்தா ஏறின சமாசாரத்தை அவரிடம் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்தார். "கதை எப்படிப் போச்சு?" என்று கேட்டார். எல்லோரும் ரசித்தார்கள் என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 6, புதன்

தேவானை வரவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் மாமியாரைக் காலையில்தான் குளத்தங்கரையில் பார்த்தேன். கீரைக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். உடம்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அவள் இல்லாத கூட்டம் உப்பில்லாத ரசம். நாங்கள் எல்லோரும் எழுதுகிறோம், சரி. ஆனால் எழுத வருவது அவளுக்குத்தான். இதைச் சங்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 18

உற்சவக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே தேவானை வீட்டுக்குப் போனேன். மாமியார் சுவாமி பார்க்கப் போயிருந்தாள், நல்லதாயிற்று. சண்டை போடத்தான் போனேன். "என்னடி, பெரிய மனுஷி ஆயிட்டியா? வர முடியாதுன்னா நேரா சொல்லு" என்றேன்.

அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே சொன்னாள். "காமு, நாலணான்னா கறிகாயிலே மிச்சம் பிடிச்சுடுவேன். எட்டணான்னா அவரைக் கேக்கணும்."

"கேட்டா குடுக்கமாட்டாரா?"

"பேஷா குடுப்பார். தங்கமான மனுஷர்தான். கதை எழுதறேன்னு தெரிஞ்சா ஊரைக் கூட்டிச் சொல்லுவார். அப்புறம் இன்னிக்கு என்ன எழுதினேன்னு தினம் கேப்பார். நான் எழுதறது அவருக்குப் பிடிக்கணுமேன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுடும். நாலணா என்னுது, காமு. எட்டணா ஆனா அவருதாயிடும்."

மீதி நாலணாவை நான் போடுகிறேன் என்றேன். "அப்போ உன்னுதாயிடும்" என்று சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

நான் எழுதுகிறது என்னுடையதா? இதை அவள் கேட்கவில்லை. வழியெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொண்டு வந்தேன். வந்த கோபம் யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை.

மார்ச் 19

சாதம் குழைந்துவிட்டது. அவர் மோர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

மார்ச் 27

மாம்பலத்தில் அத்தங்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் தெரு முனையில் புதிதாக ஒரு சாப்பாட்டு ஹோட்டல். அப்பளம் இட ஆள் அகப்படவில்லை என்று ஹோட்டல்காரர் அத்தங்காளிடம் மூக்கால் அழுதுகொண்டிருந்தார். மாவும் பெருங்காயமும் அவரே கொடுத்துவிடுவாராம், இட்டுக் கொடுத்தால் கூலியாம். சட்டென்று ஒன்று தோன்றியது. வேண்டாம், இங்கே எழுதினால்கூடக் கனகவல்லி மாமிக்குக் கேட்டுவிடும்.

ஏப்ரல் 3, புதன்

கேட்டேவிட்டேன். சந்தா எட்டணாதான், ஆனால் முடியாதவர்கள் நாலணாவும் ஒரு மத்தியானமும் கொடுக்கலாம். எல்லோரும் உட்கார்ந்து அப்பளம் இடுவோம், ஒருத்தி கதை வாசிப்பாள், கூலி வாடகைக்குப் போகும்.

மாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "இது எழுத்தாளர் சங்கமா, அப்பளக் கடையா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவா?"

"நாலு பேருக்குத் தெரிஞ்சா அப்பளம்னுதான் சொல்லுவா, மாமி. கதை எழுதறோம்னு தெரிஞ்சாத்தான் எதையாவது சொல்லுவா" என்றேன். வாய் எனக்கு ஜாஸ்திதான். ஆனால் பின்னால் இருந்து ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லோரும். மாமி உதட்டைச் சுழித்துக்கொண்டு, "என்னமோ பண்ணுங்கோ" என்றாள்.

ஹோட்டல்காரர் யார் யார் இடுகிறார்கள் என்று விசாரித்திருந்தார். எதற்கு விசாரிக்கிறார் என்று எனக்கா தெரியாது. பிராமணாள் ஹோட்டல், வேறு ஜாதிக் கை படக்கூடாது. நான் அதை எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோதே மரியசெல்வம் முந்திக்கொண்டாள். "எனக்கு மீன் கழுவத்தான் தெரியும், அப்பளமெல்லாம் வராது. நான் வாசிக்கிறேன்." எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு வெட்கமாக இருந்தது. தனியாகக் கூப்பிட்டு அதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "விடுங்க காமாக்ஷி, என் குரல் உங்க எல்லாரையும்விட நல்ல குரல்" என்றாள். அது நிஜம். இருந்தாலும் உறுத்துகிறது.

ஏப்ரல் 17

முதல் அப்பள மத்தியானம். தேவானை வந்தாள்! அதுவும் எப்படி, மாமியார் தன் அப்பளக் குழவியையே கொடுத்து அனுப்பியிருக்கிறாள். "அப்பளம் இடப் போறேன்னேன், சந்தோஷமா அனுப்பிட்டா. இத்தனை நாள் கோவிலுக்குன்னு பொய் சொல்லிண்டு வந்தேன். இன்னிக்குத்தான் நெஜம் சொன்னேன்" என்று காதில் சொன்னாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மனசில்லை எனக்கு. இரண்டு பேர் கையிலும் எண்ணெய்.

மரியசெல்வம் தேவானையின் கதையை வாசித்தாள். பாதியில் குழவிச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. சும்மா பார்க்க வந்தேன் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த கனகவல்லி மாமி, வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு தரையில் இறங்கிவிட்டாள். "ஏண்டி நிறுத்தறேள், இடுங்கோ. நீ மேலே படி, அந்தப் பொண்ணு என்ன ஆனாள்?" மாமி இட்டது ஒன்றும் தேறவில்லை. நான் இட்டதே ஓரம் தடித்து நடு மெலிந்து கிடந்தது. ஹோட்டல்காரர் கண்ணில் படாமல் இரண்டையும் அடியில் வைத்துக் கட்டினேன்.

மே 2

நேற்று என் மடியிலிருந்து நாலணா போட்டேன், கறிகாயில் மிச்சம் பிடித்தது. மீதிக்கு அப்பளம். அவர் கொடுத்த எட்டணா அலமாரியில் அப்படியே இருக்கிறது. தேவானைக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது, இந்த நோட்டைத் தவிர. என்னமோ திருடினது போலச் சந்தோஷமாக இருக்கிறது.

மே 15

புதுக் கதையை அப்பளக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவரிடம் காட்டவில்லை. "செத்தப் போய்ட்டு வரேன்" என்று வாசித்த மரியசெல்வம் தாளிலிருந்து தலையைத் தூக்கி, "யாரும்மா செத்தது?" என்றாள். நல்ல பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. மாவெல்லாம் சிதறுகிற மாதிரி சிரித்தோம். மாற்றட்டுமா என்று கேட்டேன். தேவானை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மாத்தினா உன்னோட பேசமாட்டேன்" என்றாள்.

பள்ளிக்கூட விழாவுக்கு அப்பளம் வேண்டும் என்று மரியசெல்வம் கேட்டிருக்கிறாள். இது ஹோட்டலுக்கு இல்லையே, அதற்கு அவளும் எங்களோடு உட்கார்ந்து இட வேண்டும் என்று நானே சொன்னேன். மாமி என்னைப் பார்த்தாள். பிறகு, "குழவி இருக்கோன்னோ அவளுக்கு?" என்றாள்.

மே 21

"புதுசா ஏதோ எழுதினியே, காட்டேன்" என்றார். கையில் பென்சில்.

"அச்சிலே பாருங்கோ."

வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் பென்சிலை விரலில் உருட்டினார். பாவம், என்ன தப்புப் பண்ணினார்? இத்தனை வருஷம் ஆபீஸ் விட்டுக் களைத்து வந்தும் என் எழுத்தைப் பொறுமையாகப் படித்தவர். ஆனாலும் எடுத்துக் காட்டவில்லை. "அப்போ எத்தனை நாள் காத்திண்டிருக்கணும்?" என்று மட்டும் கேட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போனார்.

ஜூன் 30, ஞாயிறு

பத்திரிகை வந்துவிட்டது. எனக்கு முன்னால் அவருக்குக் கிடைத்திருக்கிறது, டிராம் நிறுத்தத்துக் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து படித்தார். நான் அடுப்படியில் ஒரே கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தேன். பென்சில் காதிலேயே இருந்தது.

முடித்துவிட்டு உள்ளே வந்தார். "இந்த 'செத்த'. என்கிட்ட காட்டியிருந்தா அடிச்சிருப்பேன்."

"தெரியும்."

"அடிச்சிருந்தா தப்பாப் போயிருக்கும்."

நான் நிமிரவில்லை. கண் கலங்கினது கத்தரிக்காய்க்குத் தெரிந்திருக்கும். அலமாரியில் சேர்ந்திருந்த சந்தாக் காசையெல்லாம் எடுத்து அவர் கையில் வைத்தேன். எதற்கு என்று கேட்டார். என் சந்தாவை நானே கட்டிக்கொள்கிறேன் என்றேன். கொஞ்சம் பார்த்துவிட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் பக்கத்தாத்துக்காரரிடம் பத்திரிகையைக் காட்டக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே வழக்கம்போல, "காமாக்ஷி, செத்தப் போய்ட்டு வரேன்" என்றார். சொல்லிவிட்டு, ஒரு செருப்போடு அப்படியே நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.